பூக்கட்டிப் பார்த்த பி.ஏ.

போன வாரம் எங்கள் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. இப்போது பொருளாதாரத் துறைக்குத் தலைவராக இருக்கும் பெண் பேசினார். என்னிடம் படித்தவரிடம் படித்தவர் அவர். "ஐயா, இந்த வருஷம் நம்ம பாடத்துக்கு விண்ணப்பமே வரலைங்க. எல்லாரும் கம்ப்யூட்டர் பக்கம் ஓடுறாங்க. அந்தக் காலத்துல நீங்கள்லாம் எப்படிப் பிள்ளைகளைச் சேத்தீங்க? ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்.

ஒரு பக்கமாம்! வாழ்நாள் முழுக்க வகுப்பில் பேசியே பிழைத்தவனிடம் ஒரு பக்கம் கேட்கிறார். இருந்தாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து காத்திருக்கிறேன். அந்தக் காலத்திலும் பிள்ளைகள் ஓடத்தான் செய்தார்கள் அம்மா. அப்போது ஓடியது கணக்குப் பக்கமும் கெமிஸ்ட்ரி பக்கமும். பி.ஏ. என்றால் "வேற எடம் கெடைக்கலையா?" என்று துக்கம் விசாரிப்பார்கள்.

என்னையும் விசாரித்தார்கள். என் அத்தா, அதாவது என் தகப்பனார், கொடைக்கானல் பஜாரில் கம்பளிக்கடை வைத்திருந்தார். ஜெர்சி, சால்வை, குரங்குக் குல்லா. சீசனில் வெள்ளைக்காரத் துரைசானிகளிடம் அவர் பேசும் இங்கிலீஷைக் கேட்கவே கடை வாசலில் கூட்டம் நிற்கும். ஐம்பதுகளின் நடுவில் நான் பி.ஏ. பொருளாதாரம் படிக்கப் போகிறேன் என்றபோது, "எகனாமிக்ஸுன்னா என்னடா?" என்றார்.

"வாங்குறது, விக்கிறது பத்திப் படிக்கிறதுத்தா."

"அதைத்தான்டா நான் தெனமும் செய்யுறேன்! அதைப் படிக்க மதுரைக்கு எதுக்குப் போகணும்? கல்லாவுல ஒக்காரு, எல்லாம் தானா வந்துரும்."

கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவன்தான் நான். ஒரே சால்வையை ஒருவருக்கு ஒரு விலைக்கும் இன்னொருவருக்கு வேறு விலைக்கும் கொடுப்பார். ஏன் வேறு விலை என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பார். இந்த "அது அப்படித்தான்" எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆகாது. அதனோடு சண்டை போடுவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் பிடிவாதமாக மதுரைக்கு பஸ் ஏறிவிட்டேன். பி.ஏ., எம்.ஏ. இரண்டையும் முடித்து அறுபதுகளின் தொடக்கத்தில் பழனியில் புதிதாகத் திறந்திருந்த கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. விடுதிச் சாம்பார் மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.

சொல்ல வேண்டியது என் துறைத் தலைவரைப் பற்றி. வேலாயுதம் சார். வெயில் கொளுத்தினாலும் மூடிய கோட்டு, கையில் குடை, கோட்டுப் பையில் மூக்குப்பொடி டப்பி. மாணவனையும் "வாங்க, உக்காருங்க" என்றுதான் அழைப்பார். யார் எதைச் சொன்னாலும் மறுக்க மாட்டார், தலையாட்டவும் மாட்டார். முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். சொன்னவர் இன்னும் கொஞ்சம் சொல்வார். மறுபடியும் "அப்புறம்?" வரும். மூன்றாவது "அப்புறம்"-இல் பெரும்பாலானவர்களுக்குச் சரக்குத் தீர்ந்துவிடும். எங்கள் முதல்வரே அந்த வார்த்தைக்குப் பயந்து அவரைக் கண்டால் வேறு வராந்தாவில் போவார்.

என் முதல் வகுப்பிலும் அவர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். நான் இங்கிலாந்தின் கோதுமையையும் கம்பளியையும் வைத்துப் பாடத்தை முழங்கிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மலைக்கோயில் தெரிகிறது, தெருவில் காவடி போகிறது, உள்ளே நான் கோதுமை விற்கிறேன். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் தோளில் கை வைத்து, "நல்லாப் பேசுனீங்க காதர். அப்புறம்?" என்றார். அன்றோடு கோதுமை வியாபாரத்தை விட்டுவிட்டேன்.

பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு அவர் வைத்திருந்த முறை வேறு எங்கும் நான் பார்க்காதது. கணிதத் துறையில் மதிப்பெண் பார்த்தார்கள். வேதியியலிலும் அப்படியே. எங்கள் துறைக்கு வருகிறவனிடம் வேலாயுதம் சார் சொல்வது இதுதான்: "காலையில அடிவாரம் கடைத்தெருவுக்குப் போங்க. ஒரு சுத்து சுத்துங்க. எதையும் வாங்க வேண்டாம். உங்களுக்கு விடை தெரியாத கேள்வி ஒண்ணே ஒண்ணு கொண்டாங்க. மத்தியானம் மணி அடிக்கிறதுக்குள்ள வந்துரணும்."

பையன்கள் முழிப்பார்கள். விடையோடு வரச் சொன்னால் யாரையாவது கேட்டுக்கொண்டு வரலாம், கேள்வியை எங்கே போய் வாங்குவது? பாதிப் பேர் அப்படியே கணிதத் துறைக்கு நடையைக் கட்டிவிடுவார்கள். மீதிப் பேர் கொண்டுவருவதைக் கேட்க எனக்கு அப்படி ஒரு ஆசை. சேர்க்கை நாளன்று காலையிலிருந்தே வாசலைப் பார்த்தபடி நிற்பேன்.

ஒருவன் மொட்டைத் தலையோடு வந்தான். காலையில் போகும்போது சுருள் சுருளாக முடி இருந்தது. "சார், முடி எறக்குறவரு எனக்குப் பாதித் தலையை மழிச்சுட்டு, அடுத்த ஆளை உக்கார வெச்சு அவருக்கும் பாதி மழிக்கப் போயிட்டாரு சார். ஒருத்தருக்கு முழுசா முடிச்சுட்டு அடுத்தவருக்குப் போனா என்ன?" என்று கோபத்தோடு கேட்டான். பாதித் தலையோடு வாடிக்கையாளர் எங்கே ஓடுவார்? கேள்வியின் உள்ளே விடையும் உட்கார்ந்திருந்தது. வேலாயுதம் சார் கண்ணில் நீர் வரச் சிரித்து அவனைச் சேர்த்துக்கொண்டார்.

இனி தண்டபாணி கதைக்கு வருகிறேன். இவ்வளவும் அவனுக்காகத்தான் எழுதினேன்.

தண்டபாணி சந்நிதித் தெருவில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த கந்தசாமியின் மகன். கடைக்கு ஓரமாகவே அவன் அம்மா அழகம்மாள் பூக்கட்டி விற்றார். பி.யு.சி.யில் பையன் கணக்கில் வெளுத்து வாங்கியிருந்தான். அவன் எதற்கு எங்கள் துறைக்கு வருகிறான் என்று எனக்கே புரியவில்லை. கேள்வி கொண்டுவரப் போனவன் மணி அடிக்கிற வரைக்கும் வரவில்லை. நான் கதவைச் சாத்தப் போகும்போது, வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான்.

"கேள்வி கெடைச்சுதுங்களா தம்பி?" என்றார் வேலாயுதம் சார்.

"கெடைச்சுதுங்க சார். ஆனா கடைத்தெருவுல இல்ல, எங்க கடையிலயே கெடைச்சுது. தைப்பூசத்துக்கு எம்புட்டுக் கூட்டம் வருது! மலை வாழைப்பழமும் அப்பத்தான் வெலை ஏறிக் கெடக்கும். ஆனா எங்கப்பா அன்னைக்குப் பஞ்சாமிர்தத்துக்கு வெலை ஏத்த மாட்டாரு. ஆளே வராத மாசத்துல ஏத்துவாரு. பக்கத்து வீட்டு அண்ணன் புஸ்தகத்துல பாத்தேன், அதுக்கு நேர்மாறால்ல இருக்கு?"

"அப்புறம்?"

"அப்பாகிட்ட கேட்டேங்க. 'அது அப்படித்தான்டா'ன்னாரு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் அத்தாவின் அதே வார்த்தை! நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். சார் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

"அப்புறம்?"

"அக்கம்பக்கத்துக் கடையில எல்லாம் கேட்டேங்க. அவுகளும் ஏத்துறதில்லையாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை, அவரு மட்டும் ஏத்துறாரு."

"அப்புறம்?"

"எங்க கடைக்கு வர்றது பாதயாத்திரைக்காரங்க. அவருக்கு வர்றது பஸ்ஸுல வர்ற ஆளுங்க. அதுக்கும் இதுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்குங்க சார். என்னான்னுதான் தெரியல."

மூன்றாவது "அப்புறம்"-ஐயும் தாண்டிப் போன முதல் பையன் இவன்தான். வேலாயுதம் சாரின் விரலிடுக்கில் இருந்த பொடி கோட்டில் கொட்டிக் கிடந்தது, அவர் கவனிக்கவே இல்லை. அவன் வெளியே போனதும், "காதர், இந்தப் பிள்ளையை விட்றாதீங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொடைக்கானலுக்குப் போய்விட்டேன். அத்தா சால்வைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். தண்டபாணியின் கேள்வியை அப்படியே அவரிடம் போட்டேன். "சீசன்காரன் ஒரு தடவை வர்றவன்டா. பக்கத்துச் செண்பகனூர்க்காரன் மழைக்கும் வருவான், பனிக்கும் வருவான். நாளைக்கும் பாக்க வேண்டிய மூஞ்சி. அந்தப் பழனிக்காரருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆளில்லாத மாசத்துல வர்றவன் ஒரு தடவைக்காரன். நடந்து வர்றவன் வருஷா வருஷம் வருவான்ல?" என்றார்.

வருவார்கள்தான்! ஊர் ஊராகத் திரண்டு வருவார்கள், ஓர் ஊர்க்காரர்கள் ஒரே கடையில்தான் வாங்குவார்கள். ஒரு தைப்பூசத்தில் ஏமாற்றினால் போவது ஒரு டப்பா இல்லை, ஓர் ஊர். எனக்குக் கடையிலேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. "இதை இத்தனை வருஷமா ஏன் சொல்லலைத்தா?"

"ஏன் வேற வெலைன்னுதானே கேட்ட? யாருக்கு வேற வெலைன்னு நீ கேக்கவே இல்லையே" என்று சால்வையை உதறினார்.

இதைச் சொல்லத் திங்கட்கிழமை காலையில் துறைக்குள் பறந்துபோய் நுழைந்தேன். அங்கே கந்தசாமி உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு. பக்கத்தில் தண்டபாணி தரையைப் பார்த்தபடி நின்றான். மறுநாளோடு சேர்க்கை முடிகிறது.

"பையனைக் கணக்குல சேத்துர்றேங்க சார். உங்க லிஸ்ட்டுல இருந்து பேரை எடுத்துருங்க" என்றார் கந்தசாமி. "சாமி உத்தரவு ஆயிருச்சு. பூக்கட்டிப் பாத்துட்டேன்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் தெரிந்த வழக்கம்தான். ஒரு பக்கம் வெள்ளைப் பூ, ஒரு பக்கம் சிவப்புப் பூ என்று இலையில் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. கல்யாணம், நிலம், வைத்தியம் எல்லாம் அப்படித்தான் முடிவாகும். இதில் ஒரு எம்.ஏ. என்ன வாதாட முடியும்? அதிலும் நான், காதர்! ஒரு நல்ல பையன் கண்ணெதிரில் கைநழுவிப் போகிறான்.

வேலாயுதம் சார் கோபப்படவில்லை. பையனைப் பார்த்து, "தம்பி, உங்க கேள்விக்குப் பதில் கெடைச்சுதுங்களா?" என்றார்.

தண்டபாணி தலையைத் தூக்காமலே, "கணக்குல சேந்துட்டா அந்தக் கேள்வியை வெச்சுக்கிட்டு நான் என்னங்க சார் செய்யிறது?" என்றான்.

கந்தசாமியே கொஞ்சம் நெளிந்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். என் மச்சான் மகன் பி.ஏ. படிச்சுட்டு ஒரு சோலியும் இல்லாம வீட்டுல கெடக்கான். பொண்ணு குடுக்கக்கூட ஆளில்ல. என் பிள்ளையும் அப்படிக் கெடந்தா என் மனசு தாங்குமா? அதான் சாமிகிட்டயே விட்டுட்டேன்."

"நல்ல காரியம் பண்ணுனீங்க ஐயா" என்றார் சார். "சாமிகிட்ட என்னான்னு கேட்டீங்க?"

"வெள்ளைப் பூ வந்தா பி.எஸ்ஸி. கணக்கு, செவப்பு வந்தா பி.காம். வெள்ளை வந்துச்சுங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க."

"அப்புறம்?"

"வேற என்னங்க? ரெண்டு பொட்டலம், ரெண்டு பூ."

"பையன் ஆசைப்பட்ட படிப்புக்கு ஒரு பொட்டலம் போடலையே ஐயா" என்றார் வேலாயுதம் சார், அதே மெல்லிய குரலில். "கேக்காத கேள்விக்குச் சாமி எப்படிப் பதில் சொல்லுவாரு?"

கந்தசாமி பக்திமான். வேறு எந்தப் பேச்சையும் உதறிவிட்டுப் போயிருப்பார், இதை உதற முடியவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டார். கடைசியில் எழுந்து, "சரிங்க சார், நீங்களும் வாங்க. மூணு பொட்டலமாப் போட்ருவோம். ஆனா எது வந்தாலும் அதுக்கு மேல பேச்சில்ல" என்றார்.

குதிரை வண்டி பிடித்து அடிவாரம் போனோம். அந்த வண்டி நகர்ந்த மாதிரியே எனக்குத் தெரியவில்லை. மூன்றில் ஒன்றுதான் எங்களுக்கு என்று விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தேன். இறங்கியதும் கந்தசாமி, "ஏலே, உங்கம்மாவைக் கட்டச் சொல்லு, வெரசா" என்று மகனை விரட்டினார்.

மகன் விவரத்தைச் சொன்னதும் அழகம்மாள் கட்டிக்கொண்டிருந்த சரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "மூணாவதுக்கு என்ன பூவுங்க?"

"உங்க இஷ்டம்மா" என்றார் சார்.

"அப்ப மஞ்சச் செவ்வந்தி வெச்சுருவோம்" என்று அந்த அம்மாள் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, மூன்று வாழை இலைத் துண்டுகளில் மூன்று பொட்டலங்களை நாரால் இறுக்கக் கட்டினார். பூக்கட்டும் கை அல்லவா, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

தெருமுனைப் பிள்ளையார் முன்னால் பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவிலேயே நின்றேன். என் பங்குக்கு அல்லாவிடம் ஒரு விண்ணப்பம் போட்டு வைத்தேன், யார் வழியாக வந்தாலும் சரிதான் என்று. மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பத்தில், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய சின்னப் பெண் குழந்தை இருந்தது. அதைக் கூப்பிட்டு, "ஒண்ணு எடு தாயி" என்றார் கந்தசாமி. குழந்தை ஒன்றைத் தொட்டது, கையை எடுத்தது, வேறொன்றைத் தொட்டது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் நடுவில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தது.

கந்தசாமி நாரைப் பிரித்தார்.

மஞ்சள் செவ்வந்தி.

நான் தெருவில் நின்று கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தண்டபாணி அழுதுகொண்டே சிரித்தான். கந்தசாமி பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உத்தரவு ஆயிருச்சு. படிடா" என்றார். சொன்ன சொல்லில் அவர் மாறவே இல்லை. பிரிக்காத இரண்டு பொட்டலங்களையும் அழகம்மாள் எடுத்து மடியில் முடிந்துகொண்டு, பூக்கூடைக்குத் திரும்பினார். குதிரை வண்டியில் வேலாயுதம் சார் குடையை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

தண்டபாணி எப்படிப் படித்தான் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அவன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடியே நான் இரண்டாவது முறை பொருளாதாரம் படித்தேன். பின்னாளில் கல்லூரிப் பேராசிரியராகி, சந்தை நாட்களில் தன் மாணவர்களைக் கன்னிவாடிக்கு அழைத்துப்போய்க் கேள்வி பொறுக்க வைத்தான். எனக்குத் தொலைபேசி செய்த அம்மாளே, நீங்கள் அவனிடம்தான் படித்தீர்கள். நீங்களும் அங்கே வெயிலில் அலைந்திருப்பீர்கள். எப்படிச் சேர்த்தீர்கள் என்று கேட்டீர்கள் அல்லவா? இப்படித்தான் சேர்த்தோம். ஆனால் ஒரு பாதி பாக்கி இருக்கிறது. அது தண்டபாணிக்கே தெரியுமோ என்னவோ.

அவன் முதல் வகுப்பில் தேறிய செய்தி வந்த அன்று, அழகம்மாள் தனியாகத் துறைக்கு வந்தார். கையில் கடைப் பஞ்சாமிர்த டப்பா. மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். வேலாயுதம் சார் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லணுங்க சார். மனசுல வெச்சுக்கிட்டே இருக்க முடியல. அன்னைக்கு மூணு பொட்டலத்துலயுமே மஞ்சச் செவ்வந்திதாங்க."

நான் சாரைப் பார்த்தேன். அவர் டப்பியைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"கணக்குல அம்புட்டு மார்க்கு வாங்குனப்பக்கூட என் பிள்ளை ரெண்டு வார்த்தை பேசலைங்க. உங்ககிட்ட கேள்வி சொல்லிட்டு வந்தான் பாருங்க, சோறு திங்காம நான் பூக்கட்டுற வரைக்கும் பேசிக்கிட்டே கெடந்தான். மல்லிக்குக் காலையில ஒரு வெலை, சாயங்காலம் ஒரு வெலை ஏன்னு என்னையப் போட்டுக் கொடைஞ்சான். அந்த மூஞ்சியை நான் பாத்துட்டேன்ல?"

"ஆனா சாமிகிட்ட கேக்கத்தானேம்மா போனோம்?" என்று நான் தடுமாறினேன்.

அழகம்மாள் என்னை விவரமில்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சாமிகிட்ட நான் அன்னைக்கு வெள்ளனேயே மலையேறிப் போய்க் கேட்டுட்டேங்க சார். பூக்கட்டிப் பாத்தது அவன் அப்பாவுக்காக."

வேலாயுதம் சார் மெதுவாக எழுந்தார். அத்தனை வருடத்தில் அவர் எழுந்து நின்று அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க சார்? அதான் படிச்சுட்டான்ல" என்றார் அழகம்மாள். "டப்பாவைத் தொறந்து சாப்புடுங்க."